பன்னிரண்டு அடி, ஒரே சுற்று: செங்காங் பக்கம் கோடரி வீச்சு

கோடரி வீச்சு என்பது, 12 அடி தள்ளி நின்று கைக்கோடரியைச் சுழலவிட்டு எறிந்து, அதன் வாய் மரப்பலகையில் பதியும்படி செய்யும் விளையாட்டு. வில்வித்தையைப்போல இதற்கும் வட்டங்கள் உண்டு. வட்டத்துக்கேற்ற புள்ளிகள் உண்டு. ஆனால் அம்பு நேராகப் பாய்கிறது, கோடரியோ சுழன்றுகொண்டே போகிறது. பலகையைத் தொடும் கணத்தில் வாய்ப்பக்கம் முன்னால் இருந்தால் பதியும். காம்போ தலையின் பின்புறமோ முந்திக்கொண்டால் பலகையில் மோதிக் கீழே விழும். குறி சரியாக இருந்தால் மட்டும் போதாது, சுழற்சியும் சரியான இடத்தில் முடிய வேண்டும். இந்த விளையாட்டின் கடினமும் சுவையும் அதில்தான் இருக்கின்றன.

பார்ப்பவர்களுக்கு இது புஜபலம் உள்ளவர்களின் ஆட்டமாகத் தோன்றும். பழகிப் பார்த்தால் வேறு மாதிரி. பலத்தைவிட, நிற்கும் தூரமும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி எறியும் ஒழுங்கும்தான் கோடரியைப் பதியவைக்கின்றன. அதனால்தான் காடு, மலை இல்லாத நகரங்களில், கூரைக்கடியில், கம்பிவலை அடித்த சிறு தடங்களில் இது வளர்ந்திருக்கிறது. சிங்கப்பூரின் வடகிழக்கில், அடுக்குமாடிகள் நெருங்கி நிற்கும் செங்காங், பொங்கோல் வட்டாரமும் அப்படி ஓர் இடம்.

போர்க்களத்திலிருந்து கொல்லைப்புறத்துக்கு

கோடரியை எறியும் பழக்கம் மிகப் பழையது. ஐரோப்பாவில் 5, 6-ஆம் நூற்றாண்டுகளில் ஃபிராங்க் இனப் போர்வீரர்கள் ஃபிரான்சிஸ்கா என்னும் சிறு கோடரியை எதிரியின் கேடயத்தை நோக்கி வீசினார்கள். பைசாந்திய வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் அதை எழுதிவைத்திருக்கிறார்.

இந்திய மரபில் மிகப் பெரிய கோடரி வீச்சு பரசுராமருடையது. மேற்குக் கரையில் அவர் மழுவை எறிய, அது விழுந்த தூரம்வரை கடல் பின்வாங்கி நிலம் தந்தது என்பது கேரளத்தின் தோற்றக் கதை. சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் உள்ள ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலின் கோபுரச் சிற்பங்கள் திருமாலின் அவதாரங்களைக் காட்டுகின்றன. அந்தப் பத்தில் ஆறாவது அவதாரம் பரசுராமர்.

தமிழ்நாட்டில் எறிபடைகளில் பேர்போனது கோடரி அல்ல, வளரி என்னும் வளைதடி. சிவகங்கைச் சீமையில் அதைக் கையாள்வதில் சின்ன மருது தேர்ந்தவர். 1795-இல் அவரைச் சந்தித்த ஆங்கிலேயப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுக்கொடுத்தவர் அவரே என்று 1830-இல் வெளிவந்த தமது நினைவுக் குறிப்புகளில் எழுதினார். நூறு கஜத்துக்குள் குறி தப்பாத கருவி என்பது அவர் கணிப்பு. வளரிக்கும் கோடரிக்கும் வடிவம் வேறு. ஆனால் சுழன்றுகொண்டே போகும் கருவியைக் குறியில் கொண்டுசேர்க்கும் வித்தை இரண்டுக்கும் பொது.

விளையாட்டாக இது வளர்ந்தது வட அமெரிக்க மரம்வெட்டிகளிடம். இரு பக்கமும் வாயுள்ள பெரிய கோடரியை 20 அடி தொலைவிலிருந்து எறிவது அவர்களின் போட்டிகளில் ஓர் அங்கம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து ஹேவர்டு நகரில் மரம்வெட்டிகளுக்கான உலகப் போட்டி 1960 முதல் நடந்துவருகிறது.

இன்றைய நகர்ப்புற வடிவம் கனடாவின் டொராண்டோவில் பிறந்தது. 2006-இல் மாட் வில்சன் என்பவர் வீட்டின் கொல்லைப்புறத்தில் நண்பர்களைக் கூட்டித் தொடங்கிய ஆட்டம் அது. சில ஆண்டுகளில் கட்டணக் கூடமாயிற்று. கூடங்கள் பெருகியதும் பொது விதிகள் தேவைப்பட்டன. 2016-இல் உருவான ஒரு கூட்டமைப்பு இப்போது அனைத்துலகக் கோடரி வீச்சுக் கூட்டமைப்பு என்ற பெயரில் இயங்குகிறது. 2017-இல் உலகக் கோடரி வீச்சு லீக் தொடங்கியது. இந்த இரண்டு அமைப்புகளின் விதிகளைத்தான் உலகெங்கும் உள்ள கூடங்கள் பெரும்பாலும் பின்பற்றுகின்றன. போட்டிகள் தொலைக்காட்சியிலும் வரத் தொடங்கியதும், பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கு வந்தவர்கள் சிலர் வாராந்தர ஆட்டக்காரர்களாக மாறினார்கள்.

செங்காங் வட்டாரத்தில்

செங்காங், பொங்கோல் நிலப்பரப்புக்கும் கோடரிக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூரின் உட்பகுதிக் காடுகளை வெட்டி மிளகும் கேம்பியர் என்னும் செடியும் பயிரிட்டார்கள். கேம்பியர் இலையைக் காய்ச்சுவதற்கு விறகு மலைமலையாக வேண்டியிருந்தது. தோட்டத்தைச் சுற்றியிருந்த மரங்கள் அடுப்புக்கே போயின. பிறகு ரப்பர்த் தோட்டங்கள் வந்தன. சிராங்கூன் ஆற்றோரம் காங்கார் மீனவர் கிராமம் இருந்தது. 1990-களில் புதுநகரம் எழுந்தது. 2003-இல் இலகு ரயில் வந்தது, வடகிழக்கு ரயில் பாதையும் செங்காங்கை நகர மையத்தோடு இணைத்தது. லிட்டில் இந்தியா நிலையமும் செங்காங்கும் வடகிழக்குப் பாதையில் இருப்பதால், லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள் வண்டி மாறத் தேவையில்லை.

சிங்கப்பூரில் கோடரி வீச்சை அறிமுகப்படுத்திய முன்னோடிகளில் ஒன்றான ஆக்ஸ் ஃபேக்டர், செங்காங்கை அடுத்த பொங்கோல் கிழக்கில், சிராங்கூன் ஆற்றோரத் தெபிங் லேனில் கூடம் அமைத்தது. இத்தகைய கூடங்களில் தடங்களை மணிக்கணக்கில் முன்பதிவு செய்ய வேண்டும். வாடகை, இட நெருக்கடி காரணமாகச் சிங்கப்பூரில் பொழுதுபோக்குக் கூடங்கள் இடம் மாறுவது வழக்கம் என்பதால், கிளம்புமுன் முகவரியையும் வயது வரம்பையும் கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது. உள்ளே நுழைந்ததும் பொறுப்புறுதிப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். பயிற்சியாளர் எறியும் முறையைச் செய்துகாட்டுவார். அதன் பிறகுதான் கோடரி கைக்கு வரும்.

முதல்முறை போகிறவர் சொந்தமாக எதுவும் வாங்கத் தேவையில்லை. பாதத்தை முழுவதும் மூடிய காலணி மட்டும் கட்டாயம். சிங்கப்பூர் வெயிலுக்குப் பழகிய ரப்பர்ச் செருப்போடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கையைத் தலைக்குமேல் தாராளமாகத் தூக்க இடம் கொடுக்கும் சட்டை போதும். தொங்கும் துப்பட்டா, கையில் நழுவும் வளையல் ஆகியவற்றைக் கழற்றிவைத்துவிட வேண்டும்.

கருவியும் பலகையும்

போட்டிக் கோடரி விறகு பிளக்கும் கோடரியைவிடச் சிறியது. தலையின் எடை பெரும்பாலும் 600 முதல் 800 கிராம்வரை. வாயின் அகலம் சுமார் 4 அங்குலம். காம்பு ஓரடிக்குச் சற்று அதிகம். காம்பு மரத்தாலானதாக இருப்பதே மரபு. மரம் கையதிர்வை வாங்கிக்கொள்ளும். உடைந்தால் மாற்றுவதும் எளிது. மரக்காம்பு மழமழவென்று இருக்க வேண்டும். சிராய் இருந்தால் கையைக் கிழிக்கும், வழுவழுப்பு மிகுந்தால் நழுவும். தலைக்குள் காம்பை இறுக்கும் ஆப்பு தளர்ந்திருக்கிறதா என்பதை ஒவ்வொரு முறையும் எறிவதற்குமுன் ஆட்டிப் பார்க்க வேண்டும். தலை கழன்ற கோடரியைவிட ஆபத்தானது தடத்தில் வேறில்லை.

கோடரி மிகக் கூர்மையாக இருக்க வேண்டும் என்பது பொதுவான தப்பெண்ணம். சவரக்கத்திபோலத் தீட்டிய வாய் சில எறிகளிலேயே மடங்கிவிடும். மரநார்களுக்கு இடையே நுழையும் அளவுக்குக் கூர் இருந்தால் போதும். வாயில் விழும் சிறு பிசிறுகளை அரத்தால் தேய்த்து நேராக்கிக்கொண்டால் மாதக்கணக்கில் ஓடும்.

இலக்குப் பலகை ஒரே துண்டு அல்ல. செங்குத்தாக நிறுத்திய பல பலகைகளை நெருக்கிவைத்து, பின்னால் தடித்த மரத்தில் அடித்திருப்பார்கள். பைன், பாப்ளர் போன்ற மென்மையான மரங்களே இதற்கு உகந்தவை. தேக்கு, கருங்காலி போன்ற வன்மரங்களில் வாய் இறங்காது, கோடரி எகிறித் திரும்பும். மரநார் மேலிருந்து கீழாக ஓடுவதால், செங்குத்தாக வந்து மோதும் வாய் நார்களைப் பிளந்துகொண்டு உட்காருகிறது. பலகை காய்ந்துபோனால் பிடிமானம் குறையும். அதனால் ஆட்டங்களுக்கு இடையில் தண்ணீர் தெளித்து ஈரமாக்குவார்கள். எல்லாரும் நடுவையே குறிவைப்பதால் நடுப்பலகைதான் முதலில் குதறிப்போகும். அதை மட்டும் கழற்றிப் புதிது போட்டு, வட்டங்களை மறுபடி வரைந்துகொள்வார்கள்.

புள்ளிக் கணக்கு

உலகக் கோடரி வீச்சு லீக்கின் முறையில் ஓர் ஆட்டத்துக்கு ஒருவருக்கு 10 எறிகள். நடுப்புள்ளிக்கு 6, அதிலிருந்து வெளியே போகப்போக வளையங்களுக்கு 4, 3, 2, 1. பலகையின் மேற்பகுதியில் இடமும் வலமுமாக இரண்டு சிறு நீலப் புள்ளிகள் இருக்கும். கில்ஷாட் என்று அழைக்கப்படும் அவற்றுக்கு 8 புள்ளி. ஆனால் எறிவதற்குமுன் ‘கில்ஷாட்’ என்று அறிவித்துவிட வேண்டும். ஓர் ஆட்டத்தில் அதற்கு இரண்டு வாய்ப்புகளே. 8 எறிகளில் நடுப்புள்ளி, 2 எறிகளில் கில்ஷாட் என எல்லாம் வாய்த்தால் 48-உம் 16-உம் சேர்ந்து 64. அதுவே முழு ஆட்டம்.

அனைத்துலகக் கூட்டமைப்பின் முறை வேறு. மூன்று சுற்றுகள், சுற்றுக்கு 5 எறிகள். வட்டங்களுக்கு 5, 3, 1. மேலே உள்ள பச்சைப் புள்ளிக்கு 7. அதைச் சுற்றின் கடைசி எறியில்தான் குறிவைக்கலாம். முழு ஆட்டம் 81.

கோட்டின்மேல் பதிந்தால் என்ன கணக்கு என்பதிலும் இரண்டும் மாறுபடுகின்றன. லீக் முறையில் வாய் உயர்ந்த வட்டத்தைத் தொட்டாலே அந்தப் புள்ளி கிடைக்கும். கூட்டமைப்பு முறையில் வாயின் பெரும்பகுதி எந்த வட்டத்துக்குள் இருக்கிறது என்று பார்ப்பார்கள். இரண்டிலும் கோடரி கையில் எடுக்கும்வரை பலகையிலேயே நின்றாக வேண்டும். பதிந்து, ஒரு கணம் ஊசலாடி, பிறகு விழுந்துவிட்டால் பூஜ்யம். நிற்குமிடக் கோட்டைத் தாண்டி எறிந்தாலும் அப்படியே.

எறியும் முறை

முதல் எறிகளை இரண்டு கையால் தொடங்குவதே நல்லது. ஒற்றைக்கை எறியில் கோடரி பக்கவாட்டில் சாய எளிது. இரண்டு கை அதை நேர்க்கோட்டில் வைத்திருக்கும். இலக்கை நேராகப் பார்த்து, கால்களைத் தோளகலத்துக்கு விரித்து, அல்லது ஒரு காலைச் சற்று முன்வைத்து நிற்க வேண்டும். காம்பின் அடிப்பகுதியைச் சுத்தியலைப் பிடிப்பதுபோலப் பிடிக்க வேண்டும். பிடி உறுதியாக இருக்கலாம், இறுக்கம் கூடாது. வாய் இலக்கை நேராகப் பார்க்கிறதா என்று ஒரு முறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகு கோடரியைத் தலைக்குமேல் நேராகப் பின்னால் கொண்டுபோய், உடலை முன்சாய்த்து, கைகளை ஒரே வீச்சாக முன்னால் கொண்டுவர வேண்டும். கைகள் கண்மட்டத்துக்கு வரும்போது விரல்கள் தாமாகத் திறக்க வேண்டும். விட்ட பிறகும் கைகள் இலக்கை நோக்கியே போக வேண்டும். பாதியில் நிறுத்தினால் கோடரி கோணலாகும். மணிக்கட்டு மட்டும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை மடங்கக் கூடாது.

மணிக்கட்டை மடக்காதே என்று பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இயற்பியலில் இருக்கிறது. எறியும்போது கை ஒரு வட்டவில்லாகச் சுழல்கிறது. கோடரியும் அதோடு சேர்ந்து சுழல்கிறது. கையை விட்டதும் அதே வேகத்தில் முன்னே பாய்கிறது, அதே கதியில் தன்னைத்தானே சுற்றுகிறது. இந்த இரண்டும் பிரிக்க முடியாதபடி பிணைந்திருப்பதால், ஒரு முழுச் சுற்றுக்குள் கோடரி கடக்கும் தூரம் அந்த வட்டத்தின் சுற்றளவுக்குச் சமம். சுழற்சியின் மையத்திலிருந்து கோடரியின் கனம் குவியும் இடம்வரை தோராயமாக 60 செ.மீ. என்று கொண்டால், சுற்றளவு 377 செ.மீ. 12 அடி என்பது 366 செ.மீ. ஒரே சுற்றில் வாய் பலகையைச் சந்திக்கும் தூரத்தில் கோடு விழுந்திருப்பது இதனோடு பொருந்திப்போகிறது.

இதிலிருந்து மூன்று பாடங்கள் கிடைக்கின்றன. முதலாவது, வேகமாக எறிந்தால் கோடரி வேகமாகப் போகும், வேகமாகவும் சுற்றும்; ஆனால் ஒரு சுற்றுக்கான தூரம் மாறாது. பலம் கூடியதால் சுற்று கூடிவிடாது. இரண்டாவது, கை நீளமானவருக்கு வட்டம் பெரிது, ஆகவே ஒரு சுற்றுக்கான தூரமும் சற்று அதிகம். அவர் கொஞ்சம் பின்னால் நிற்க வேண்டியிருக்கும், குள்ளமானவர் முன்னால். பக்கத்தில் எறிகிறவர் நிற்கும் இடம் தனக்கும் பொருந்தும் என்று யாரும் எண்ணத் தேவையில்லை. மூன்றாவது, மணிக்கட்டைச் சுண்டினால் சுழற்சி மட்டும் கூடும், பாய்ச்சல் கூடாது. அப்போது கணக்கு முழுவதும் தவறிவிடும்.

பலம் உதவும் இடம் ஒன்றே ஒன்று: உயரம். கோடரி விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் 3.5 மீட்டரைக் கடக்க 0.35 விநாடி ஆகும். அதற்குள் புவியீர்ப்பு அதை 60 செ.மீ. கீழே இழுத்துவிடும். வேகம் 7 மீட்டராகக் குறைந்தால் அரை விநாடி ஆகும், இறக்கம் 1.2 மீட்டரைத் தாண்டும். மெதுவாக எறிகிறவர் சற்று மேல்நோக்கி விட்டால் போதும், குறை சரியாகிவிடும். அதனால்தான் முதல் நாளிலேயே மெலிந்த உடல்வாகு உள்ளவர் நடுப்புள்ளியில் பதிப்பதும், உடற்பயிற்சிக்கூடத்தில் கை வளர்த்தவர் பலகையைத் தட்டிக்கொண்டே நிற்பதும் அடிக்கடி நடக்கிறது.

விழுந்த கோடரி சொல்லும் பாடம்

பதியாத எறியும் ஏதாவது ஒரு செய்தியைச் சொல்லும். பலகையைத் தொடும்போது காம்பு மேலே தூக்கிக்கொண்டு, தலை கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால், கோடரி தேவைக்கு மேல் சுற்றிவிட்டது என்று பொருள். அரையடி முன்னால் வந்து எறிய வேண்டும். கோட்டுக்கு முன்னால் வர விதி இடம் தராது என்பதால், போட்டியில் கோட்டையொட்டி நின்று உடலை இன்னும் முன்சாய்ப்பார்கள். காம்பின் அடி முதலில் மோதினால் சுற்று முடியவில்லை என்று பொருள். அரையடி பின்னால் போக வேண்டும். பதிந்தும் கோடரி இடமோ வலமோ சாய்ந்து நின்றால், தலைக்குமேல் கொண்டுபோகும்போது நேர்க்கோடு தவறியிருக்கிறது. நடுவுக்கு மேலே போனால் கை சீக்கிரம் திறந்துவிட்டது. கீழே போனால் தாமதமாகத் திறந்தது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது இங்கே பொன்விதி. இடத்தையும் பிடியையும் வேகத்தையும் ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. தனக்குப் பொருந்தும் இடம் கிடைத்ததும் தரையில் ஒட்டுநாடாவால் அடையாளம் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

பாதுகாப்பு

தடத்தின் ஒழுங்குகள் எளிமையானவை, விலக்கில்லாதவை. அருகருகே உள்ள இரு தடங்களில் இருவரும் ஒரே நேரத்தில் எறிய வேண்டும், ஒரே நேரத்தில் எடுக்கப் போக வேண்டும். ஒருவர் பலகையருகே இருக்கும்போது மற்றவர் கையில் கோடரியைத் தூக்கக் கூடாது. காத்திருப்பவர்கள் எறிபவருக்குப் பின்னால், குறித்த கோட்டுக்கு அப்பால் நிற்க வேண்டும். கோடரியைக் கையிலிருந்து கைக்கு மாற்றக் கூடாது. கட்டையிலோ தாங்கியிலோ வைத்துவிட வேண்டும், அடுத்தவர் அங்கிருந்து எடுத்துக்கொள்வார். எகிறித் திரும்பும் கோடரியைப் பிடிக்க முயலவே கூடாது. விலகி வழிவிட வேண்டும்.

பதிந்த கோடரியை எடுப்பதிலும் முறை உண்டு. பக்கவாட்டில் ஆட்டினால் தலையும் காம்பும் சேரும் இடம் தளரும், பலகையும் பிளக்கும். ஒரு கையால் தலையருகே தாங்கி, மறுகையால் காம்பின் அடியை மேலே தூக்கி, பிறகு கீழே அழுத்த வேண்டும். இரண்டு அசைவில் வாய் கழன்றுவரும். நடக்கும்போது கோடரி உடலோடு ஒட்டித் தொங்க வேண்டும், வாய் தரையைப் பார்க்க வேண்டும்.

தொடங்குமுன் தோள்களையும் இடுப்பையும் சுழற்றிச் சூடேற்றிக்கொள்ளாவிட்டால் மறுநாள் தோள்பட்டை வலிக்கும். பழக்கமில்லாதவர் முதல் நாளில் ஒரு மணிநேரத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. களைத்த கை முதலில் இழப்பது நேர்க்கோட்டைத்தான்.

வீட்டில் முடியுமா?

கனடாவிலோ அமெரிக்காவிலோ கொல்லைப்புறத்தில் பலகை நட்டுப் பழகலாம். சிங்கப்பூரில் அந்த வழி அடைபட்டது. பெரும்பாலோர் வசிப்பது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில். கீழ்த்தளமும் நடைவழியும் எல்லாரும் புழங்கும் இடங்கள். பூங்கா மரத்தில் எறிந்து பார்த்தால், மரத்தைச் சேதப்படுத்திய குற்றமும் சேர்ந்துகொள்ளும். தகுந்த காரணமின்றித் தாக்கும் ஆயுதம் வைத்திருப்பதற்கு, 1958-ஆம் ஆண்டுச் சட்டம் 3 ஆண்டுவரை சிறையும் 6-க்குக் குறையாத பிரம்படியும் விதித்தது. கோடரி கடையில் கிடைக்கும் கருவிதான். ஆனால் எம்ஆர்டி ரயிலில் பையிலிருந்து காம்பு நீட்டிக்கொண்டிருந்தால், அது விளையாட்டுக்கா வேறெதற்கா என்று விளக்கம் சொல்ல வேண்டிவரும். சொந்தக் கோடரி வாங்கும் நிலைக்கு வந்தவர்கள், அதைக் கூடத்திலேயே வைத்துவிட்டு வர வசதி உண்டா என்று கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். எடுத்துச்சென்றே ஆக வேண்டுமென்றால், வாய்க்கு உறை போட்டு, மூடிய பெட்டியில், கூடத்துக்கும் வீட்டுக்கும் இடையே மட்டும் கொண்டுபோக வேண்டும்.

பொழுதுபோக்கிலிருந்து போட்டிக்கு

ஆர்வம் நிலைத்தவர்களுக்கு அடுத்த படி லீக். ஒரு பருவம் வழக்கமாக எட்டு வாரம். வாரம் ஒரு நாள் கூடி, ஒவ்வொருவரும் சில ஆட்டங்கள் ஆடுவார்கள். கடைசி வாரம் வெளியேற்று முறையில் இறுதிப்போட்டி. உடல் மோதல் இல்லாததாலும் பலம் முடிவைத் தீர்மானிக்காததாலும் ஆண், பெண் என்ற பிரிவின்றி ஒரே பட்டியலில் ஆடுவதே வழக்கம். ஒவ்வோர் எறியின் புள்ளியும் பதிவாகும். பருவச் சராசரி ஆட்டக்காரரின் தகுதியைக் காட்டும்.

சராசரியை உயர்த்த நாடுகிறவர்களுக்குப் பயிற்சியின் வரிசை ஏறக்குறைய ஒன்றே. முதலில் எங்கே பதிகிறது என்பதைப் பாராமல், பத்துக்குப் பத்தும் பதிகிறதா என்பதை மட்டும் பார்க்க வேண்டும். அது கைவந்ததும், பதியும் இடங்கள் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் நெருங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். நெருங்கிய கூட்டத்தை நடுப்புள்ளிக்கு நகர்த்துவது மூன்றாவது வேலை. ஒற்றைக்கை எறி, கில்ஷாட், பெரிய கோடரி எல்லாம் அதற்குப் பிறகுதான். இரண்டாவது படியைத் தாண்டுமுன் கில்ஷாட்டுக்கு ஆசைப்படுகிறவர்கள், 8 புள்ளிக்குப் போய் உறுதியான 4-ஐயும் இழப்பார்கள்.